வறுத்த மண்ணும் வறுக்காத மண்ணும்

ராமுத்தாய் அம்மாளின் பொரிகடலையில் சோப்பு வாசனை வீசுகிறது என்ற செய்தி, 1962ஆம் ஆண்டு பங்குனி மாதக் கடைசியில் திண்டுக்கல் நாகல் நகர் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. என் இல்லத்திற்கு அதைக் கொண்டுவந்தவர் என் மனைவி சகாயராணியின் தமையனார் கஸ்பார். வேடிக்கைச் செய்தியாக அவர் அதைச் சொல்லவில்லை. அந்த வாசனைக்குக் காரணம் அவர்தான் என்று ஊரார் முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

"மாப்ளே, சித்திரை கடைசி ஞாயித்துக்கெழமை பஞ்சாயத்துக் கூடுது. அன்னைக்குள்ள இதுக்கு ஒரு வழி சொல்லலேன்னா கொட்டகையப் பூட்டணுமாம். பிரசிடெண்டு வாயாலேயே சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு, சகாயராணி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்துகிறவன், பெயர் ஞானதாஸ். கதை எழுதிப் பழக்கமில்லை. ஆகையால் நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே சொல்லிவிட அனுமதி வேண்டுகிறேன்.

ரெட்டியார்சத்திரத்திற்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் கஸ்பார் மைத்துனருக்கு ஒரு தைலக் கொட்டகை இருந்தது. எலுமிச்சம்புல்லை அறுத்துக் கொப்பரையில் திணித்து, அடியிலே நீராவி ஏற்றினால், ஆவியோடு புல்லின் தைலமும் சேர்ந்து வெளியேறும். அதைக் குளிரவைத்தால் மேலே தைலம் மிதக்கும். கீழே தண்ணீர் நிற்கும். தைலத்தைச் சோப்புச் செய்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். தண்ணீரை வாங்குவார் இல்லை. அதிலும் சிறிது தைலம் கரைந்திருப்பதால் நன்றாக மணக்கும். அந்தக் கழிவுநீரைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழியில் விட்டுவந்தார்.

குழியிலிருந்து நாற்பதடி தள்ளி ஒச்சப்பன் என்ற விவசாயியின் கிணறு. அவருடைய மனைவிதான் ராமுத்தாய் அம்மாள். அந்த அம்மையார் சாலையோரத்தில் அடுப்பு வைத்து, சுடுமணலில் கடலை வறுத்து விற்பவர். வறுப்பதற்கு முன் கடலையை நனைத்து ஆறவைப்பது வழக்கம். நனைக்கிற தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீர். சுருக்கமாகச் சொன்னால், மைத்துனரின் கழிவுநீர் கடலைக்குள் புகுந்துவிட்டது. பேருந்தை நிறுத்திக் கடலை வாங்கும் ஓட்டுநர் ஒருவர், "ஏத்தா, இது திங்கிறதுக்கா, தேச்சுக் குளிக்கிறதுக்கா?" என்று கேட்டாராம். மறுநாளிலிருந்து அதற்குச் 'சோப்புக் கடலை' என்று பெயராகிவிட்டது. ஒருநாளைக்கு ஆறு படி விற்ற இடத்தில் ஒரு படி விற்பதே பாடாயிற்று.

"ரெண்டு வருசமா அதே குழி, அதே தண்ணி. அப்பல்லாம் வராத வாசம் இப்ப மட்டும் எப்பிடி மாப்ளே வரும்? எனக்கு ஆகாதவன் எவனோ கெணத்துல ஊத்திருக்கான்" என்றார் மைத்துனர்.

"அண்ணே, ஒன் தைலத்த வெல குடுத்து வாங்கி, அடுத்தவன் கெணத்துல ஊத்துற அளவுக்கு ஒனக்கு எதிரி இருந்தா, நீ பெரிய மனுசந்தான்" என்றாள் சகாயராணி. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங்க, லீவுதானே? போயி என்னன்னு பாருங்க. பிள்ளைகளுக்கு மட்டுந்தான் சயின்சா?" என்றாள்.

மறுத்துப் பேசுவது எனக்கு வராது. ஆகவே சென்றேன்.

கொட்டகை மிகவும் துப்புரவாக இருந்தது. குழி அதைவிடத் துப்புரவாக இருந்தது. நான்கு பக்கமும் செதுக்கி, அடியிலே வெண்மணல் பரப்பி, குனிந்தால் முகம் தெரியும்படி தண்ணீர் தெளிந்து நின்றது. எலுமிச்சை மணம் கண்ணைக் கரித்தது. கழிவுநீர்க் குழி இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. அதைப் பாராட்டும் முகமாகவே கேட்டேன்.

"எப்போதும் இப்படித்தான் வைத்திருப்பீர்களா மச்சான்?"

"எங்க மாப்ளே! போன தை மாசம் பங்குச் சாமியாரு வந்து புதுக் கொப்பரைய மந்திரிச்சாருல்ல. அப்ப இந்தக் குழி இருந்த லச்சணத்துக்குச் சாமியாரு அங்கியத் தூக்கிக்கிட்டுல்ல நடக்கணும்? கன்னங்கரேல்னு சேறு, கொழகொழன்னு பாசி. ரெண்டு நாள் ஆள் விட்டு, அம்புட்டையும் வழிச்சுப் போட்டுக் குடகனாத்து மணலக் கொட்டினேன்."

"அந்தச் சேறு மணந்ததா?"

"சேறு எங்கிட்டு மணக்கும்? சேத்து வாசந்தான்."

அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் தைலத் தண்ணீரைக் குடித்த சேறு மணக்கவில்லை. மூன்று மாதங்கள் மட்டுமே குடித்த மணல் மணக்கிறது. குழியைச் சுத்தம் செய்தது தை மாதம். கிணறு மணக்கத் தொடங்கியது பங்குனி மாதம்.

மதுரையில் படித்த காலத்தில் நூலகத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்திருந்தேன். ஒவ்வொரு பருவத்திலும் உலகத்தில் எத்தனை பூக்கள், எத்தனை வாசனை இலைகள் மண்ணில் உதிர்கின்றன! அத்தனை மணமும் சேர்ந்துகொண்டே போனால் பூமியில் மூச்சுவிட முடியுமா? மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று தீர்க்கின்றன என்று அக்கட்டுரை கூறிற்று. நமக்கு மணமாகத் தெரிவது அவற்றுக்கு உணவு. ஒரே வகை உணவு ஓரிடத்தில் நாள்தோறும் கிடைத்தால், அதைத் தின்னத் தெரிந்தவை அங்கே கோடிக்கணக்கில் பெருகிவிடும்.

அப்படியானால் மைத்துனர் வழித்து வெளியேற்றியது சேற்றை மட்டுமன்று. இரண்டு ஆண்டுகளாகக் கூலியில்லாமல் அவருக்கு வேலை செய்துவந்த ஒரு பெருங்கூட்டத்தையே வெளியேற்றிவிட்டார். புதுமணலிலும் அவை மெல்லப் பெருகலாம். ஆனால் அதற்கு ஓர் ஆண்டும் ஆகலாம். பஞ்சாயத்து அதுவரை காத்திராது.

"சேற்றை எங்கே போட்டீர்கள் மச்சான்?"

"ஒச்சப்பன்தான் தென்னைக்கு நல்லதுன்னு ரெண்டு வண்டி அடிச்சுக்கிட்டுப் போனான். அப்ப நாங்க பேச்சுவார்த்தையா இருந்தோம்."

இப்போது பேச்சுவார்த்தை இல்லை. மைத்துனரின் உறவினனாகிய நான் ஒச்சப்பனின் தோப்பில் கேளாமல் நுழைவது முறையன்று. அவரிடம் நேரில் கேட்கவோ துணிவில்லை. ராமுத்தாய் அம்மாளின் அடுப்படிக்குச் சென்று, வேண்டாத கடலை அரைப்படி வாங்கி, அதன்பிறகே விஷயத்தைச் சொன்னேன்.

"தென்னையின் அடியில் போட்டிருக்கும் அந்தக் கரிய மண்ணில் ஒரு படி கிடைத்தால் பேருதவியாக இருக்கும். ஆராய்ச்சி செய்து பார்க்க வேண்டும்."

"மண்ணுதானே வாத்தியாரய்யா? அதுக்கா இம்புட்டுத் தயங்குறீக? நாளைக்கு ஒங்க மச்சான் கடையத் தாண்டித்தானே போவாரு, குடுத்து விடுறேன். அவுககூட எனக்கென்ன சண்ட, அவுக தண்ணிகூடத்தான் சண்ட."

சொன்னபடியே மறுநாள் வந்துவிட்டது. செய்தித்தாளில் மடித்து, நூலால் கட்டி, மாவு போல நைசாகச் சலித்த கருமண். ஒரு வேர் இல்லை, ஒரு கல் இல்லை. அந்த அம்மையாரின் நேர்த்தியை மனத்துக்குள் வாழ்த்தினேன்.

அகன்ற வாயுள்ள இரண்டு கண்ணாடிச் சீசாக்களை எடுத்துக்கொண்டேன். இரண்டிலும் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் ஊற்றி, மும்மூன்று சொட்டுப் புல்தைலம் விட்டேன். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி மண் போட்டேன். இரண்டையும் தக்கையால் அடைத்துச் சமையலறைப் பரணில் வைத்து, நாள்தோறும் குலுக்கி, சிறிது காற்றுப் புகவிட்டு, முகர்ந்து பார்த்தேன். மண் போட்ட சீசாவில் மணம் குறைய வேண்டும்.

பத்து நாட்களாகியும் குறையவில்லை. இரண்டு சீசாக்களும் முதல் நாள் போலவே கமகமவென்று மணந்தன.

"ஏங்க, பத்து நாளா தெனம் ரெண்டு வேள அத மோந்து பாக்குறீங்க. ஒரு நாளாவது நான் வச்ச கொழம்ப மோந்து பாத்து நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?" என்றாள் சகாயராணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று மாலை, "அண்ணன் வீட்டுல நாலு பேரு சாப்பாடுங்க அந்தக் கொப்பரை" என்று சிரிக்காமல் சொன்னாள்.

என் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொண்டேன். மண் கொடுத்து உதவியவருக்கு முடிவை நேரில் தெரிவிப்பதே மரியாதை என்று தோன்றியதால், மறுநாள் மீண்டும் அந்த ஊருக்குச் சென்றேன். ராமுத்தாய் அம்மாள் சல்லடையால் மணலை அரித்துக் கடலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கள் மண் மிக நேர்த்தியாக இருந்தது. பயன்தான் கிட்டவில்லை. சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும்" என்றேன்.

"நேர்த்தியா இல்லாம? பள்ளிக்கொடத்துக்குப் போற சாமானாச்சே! அது கெடந்த கெடைக்கு ஒரே புழுவும் பூச்சியுமா இருந்துச்சு. அப்பிடியேவா குடுக்குறது? வறுஓட்டுல போட்டு, கடல வறுக்குற பதத்துக்கு நல்லா வறுத்து, சலிச்சுல்ல குடுத்து விட்டேன்!"

என் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

"வறுத்தீர்களா?"

"ரெண்டு தடவ" என்றார் அவர், பெருமையாக.

அப்படியானால் என் எண்ணம் தவறாக இல்லை! நாங்கள் இருவரும் சேர்ந்து பத்து நாட்களாகச் செத்தவற்றுக்கு விருந்து வைத்திருக்கிறோம்! ஆனால் இதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அவ்வளவு விறகை எரித்து, அவ்வளவு அன்போடு செய்த காரியம். "சிறிது வறுக்காத மண்ணும் கிடைத்தால் நலம்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "ஏன், என் கைப்பதம் சரியில்லையா?"

"ஐயோ, அப்படியில்லை. வறுத்ததும் வேண்டும். இன்னும் ஒரு பிடி கட்டாயம் வேண்டும்." அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவரே தோப்புக்கு அழைத்துச்சென்றார். தென்னையின் அடியில் ஈரமாக இருந்த இடத்தில் நானே கையைவிட்டு ஒரு பிடி அள்ளினேன். மண்புழு ஒன்றும் உடன் வந்தது. "இதப் போயா…" என்று மூக்கைச் சுளித்தார் ராமுத்தாய் அம்மாள். வறுத்த மண்ணையும் மறக்காமல் இன்னொரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்.

மீண்டும் இரண்டு சீசாக்கள். வறுத்த மண் போட்டதற்கு நீல நூல், வறுக்காத மண் போட்டதற்குச் சிவப்பு நூல். நான்காம் நாள் சிவப்பு நூல் சீசா கலங்கியது. ஐந்தாம் நாள் அதில் எலுமிச்சை மணம் மாறி, புளித்த மாவு போன்ற ஒரு வாடை எழுந்தது. தைலத்தை அவை ஒரே வாயில் விழுங்குவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையால் முதலில் அதை ஓர் அமிலமாக மாற்றி, பிறகு துண்டு துண்டாக நறுக்கி உண்டு, முடிவில் கரியமில வாயுவும் தண்ணீருமாக விட்டுவிடுகின்றன. அந்த நறுக்கும் வேலைதான் என் பரணில் நடந்துகொண்டிருந்தது. எட்டாம் நாள் புளிப்பும் போயிற்று. ஒன்பதாம் நாள் சகாயராணியை முகரச் சொன்னேன்.

"மண்ணு வாசந்தாங்க வருது" என்றாள். நீல நூல் சீசாவை முகர்ந்து, "இது எங்க அண்ணன் வாசம்" என்றாள். அதுவரை நான் கவனிக்காத ஒன்றும் அப்போதுதான் விளங்கியது. ஒரு மரியாதைக்காக வாங்கிவந்த வறுத்த மண் இல்லாவிட்டால், 'மண், வாசனையை உறிஞ்சிக்கொண்டது, அவ்வளவுதான்' என்று யாரும் சொல்லிவிடலாம். அதே மண், அதே அளவு, வறுத்தது உறிஞ்சவில்லையே!

சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து ரேடியோ அறையின் முன்னால் ஊர் கூடியது. தலைவர் வேலுசாமி நல்ல மனிதர். எப்போதும் மூக்குப்பொடி மட்டை கையிலே இருக்கும். நான் இரண்டு தாள்களில் எழுதி வைத்திருந்ததை வாசிக்கத் தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வாத்தியாரே, ரேடியோவ அணைச்சாச்சு, செத்த சத்தமாச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

"மண்ணில் வாழும் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள்…" என்றேன்.

ஒச்சப்பன் எழுந்துவிட்டார். "பாட்டீரியாவா? அது காச்சலும் பேதியும் கொண்டாரதுல்ல? பிரசிடெண்டு, இம்புட்டு நாளு வாசந்தான் வந்துச்சு. இப்ப வியாதியவும் கொண்டாந்து என் கெணத்துப் பக்கம் விடப் போறாகளாம்!"

கூட்டத்தில் சலசலப்பு. மைத்துனர் என்னைப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"ஐயா, தங்கள் வீட்டில் பாலை எப்படித் தயிராக்குகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஏன், உறை ஊத்தித்தான்."

"உறை மோரில் இருப்பதும் பாக்டீரியாதான். அது வியாதி கொண்டுவருவதில்லை. பாலைத் தின்று தயிராக்குகிறது. அதுபோலக் கஸ்பார் அவர்களின் குழியிலிருந்த சேறு, தைலத்துக்கு ஓர் உறை. அதை வழித்துவிட்டதால்தான் வாசனை தங்கள் கிணறு வரை வந்தது."

ஒச்சப்பன் உட்கார்ந்தார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. "சொல்றது சுளுவு. காட்டச் சொல்லுங்க."

நான் சீசாக்களை மேசையில் வைத்தேன். முதலில் தலைவர் எடுத்தார். நீலத்தை முகர்ந்தார், சிவப்பை முகர்ந்தார், மீண்டும் நீலத்தை முகர்ந்தார்.

"ரெண்டுலயும் பொடி வாசந்தாங்க வருது" என்றார்.

கூட்டம் சிரித்தது. முப்பது வருடப் பொடி! இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அடுத்து ஒச்சப்பன் முகர்ந்தார். "ரெண்டும் மணக்குது" என்று சீசாவை மூக்கருகே கொண்டுபோவதற்கு முன்பே சொல்லிவிட்டார். மைத்துனர் கையை நீட்டியபோது, "நீரு சும்மா இரும், ஒமக்குச் சோறே தைலமாத்தான் மணக்கும்" என்று யாரோ தடுத்தார்கள். அந்த ஊரில் எல்லாரும் நம்பக்கூடிய மூக்கு ஒன்று வேண்டியிருந்தது.

"ராமுத்தாயக் கூப்புடுங்கப்பா" என்றார் தலைவர். "கடல கருகுறதுக்குள்ள மோந்தே எறக்குற பொம்பள. அது மூக்குக்குத் தப்பாது."

கூட்டத்தின் ஓரத்தில் கடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார்.

"ராமுத்தா, யோசிச்சுச் சொல்லு" என்றார் ஒச்சப்பன்.

"மோக்குறதுல என்னய்யா யோசன? மூக்கு என்ன சொல்லுதோ அதத்தான் சொல்லுவேன்."

நீல நூல் சீசாவைத் திறந்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சோப்புக் கடல! இதுதான் என் பொழப்பக் கெடுத்தது." சிவப்பைத் திறந்தார். ஒருமுறை முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தார். "இதுல ஒண்ணுமில்ல. மழ பேஞ்ச தோப்பு மாதிரி இருக்கு. தைலம் ஊத்துனீகளா, ஊத்தலையா?"

"இரண்டிலும் மூன்று சொட்டு, அம்மா. ஒரே நாளில்."

"அப்ப இதுதான் நல்ல மண்ணு. இதுல எது வாத்தியாரய்யா நான் குடுத்தது?"

ஊரே என்னைப் பார்த்தது. இந்தக் கேள்விக்கு நேரான விடையைத்தான் அவரிடம் சொல்லத் துணியாமல் பதினைந்து நாட்களாக ஒளித்து வைத்திருந்தேன். நான் மழுப்பினால் ஒச்சப்பன் நம்பமாட்டார், கொட்டகை பூட்டப்படும். சொன்னாலோ, ஊர் முன்னால் அந்த அம்மையாரின் கைப்பதத்தைக் குறை கூறியதாகும்.

"நீலம், அம்மா. மணக்கிறதே, அதுதான் தாங்கள் வறுத்துக் கொடுத்த மண். அதிலிருந்த உயிர்களெல்லாம் சூட்டில் இறந்துவிட்டன. சிவப்பில் இருப்பது வறுக்காத மண். அது உயிரோடு இருக்கிறது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் துணிவில்லை."

ராமுத்தாய் அம்மாள் இரண்டு சீசாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பதறிப்போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் உறையப் போயி வறுத்துட்டேனா! இந்தாய்யா கேட்டியா, தயிருக்கு உறை ஊத்தச் சொன்னா, உறையக் கொதிக்க வச்சு ஊத்திருக்கேன், அதுவும் ரெண்டு தடவ! எங்கிட்டுத் தோயும்?"

அதன்பிறகு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரே ஊருக்கு விளக்கினார். மைத்துனர் உறையை வழித்துக் கொட்டியது, தாம் உறையை வறுத்தது, வாத்தியார் வாயைத் திறக்காமல் இருந்தது என்று மூன்று பேரின் குற்றத்தையும் அவரே எடுத்துரைத்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார். தலைவருக்கு மிச்சமிருந்தது ஒரு மாதத் தவணை கொடுப்பது மட்டுமே.

"அந்தச் சேத்த என் தென்னைக்குப் போட்டாச்சு. போட்டதத் திருப்பிக் குடுன்னா எப்பிடி?" என்று ஒச்சப்பன் கடைசியாக ஒன்று கேட்டுப்பார்த்தார்.

"தென்னைக்குப் பாதி, குழிக்குப் பாதி. உறைன்னா தோண்டித் தோண்டி எடுக்கவா செய்வாக? ஒரு கரண்டி போட்டா அதுவே பெருகிக்கிடும். இல்லீங்களா வாத்தியாரய்யா?" என்றார் ராமுத்தாய் அம்மாள். நானே இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. வெண்மணலை வெளியேற்றினோம். தோட்டத்து மண்ணோடு அந்தக் கருஞ்சேற்றையும் மட்கிய வைக்கோலையும் கலந்து குழியில் இட்டோம். பக்கத்தில் இரண்டாவதாக ஒரு குழியும் வெட்டினோம். ஒன்றில் ஊறிய தண்ணீர் மற்றொன்றில் வடிந்து செல்லும். உயிர்களுக்குக் காற்று வேண்டும் என்று நான் சொன்னதால், மைத்துனர் காலையும் மாலையும் நீண்ட கழியால் கிண்டிவிட்டார். பேச்சு நின்றுபோயிருந்த ஒச்சப்பன், மூன்றாம் நாள் வேலியோரம் வந்து நின்று, "கஸ்பாரு, அப்பு, அடியில போகுதா பாரு, மேலாகவே கிண்டாத" என்றார். நான்காம் நாள் கழியை அவரே வாங்கிக்கொண்டார். கிணற்றின் பழைய தண்ணீரை அவருடைய மாடுகளைப் பூட்டியே இறைத்துக் கொட்டினார்கள்.

இரண்டாம் வாரம் குழியில் எலுமிச்சை மணம் மாறிப் புளித்த மாவு வாடை எழுந்தது. மைத்துனர் பதறியடித்துக்கொண்டு நாகல் நகருக்கு வந்தார். "மாப்ளே, குழி ஊசிப்போச்சு!" என்றார். வாழ்நாளில் முதன்முறையாக நான் ஒருவரிடம் உரத்த குரலில், "அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்!" என்றேன். சகாயராணி திகைத்து அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

தவணை முடிவதற்கு இரண்டு நாட்கள் இருந்தபோது ராமுத்தாய் அம்மாள் ஆளனுப்பினார். நானும் மைத்துனரும் சென்றோம். முந்தைய நாள் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து ஆறவைத்த கடலை, வறுஓட்டுச் சுடுமணலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. ஒச்சப்பன் கைகட்டிக்கொண்டு நின்றார். மைத்துனர் இடுப்புத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்பு அவ்வளவு அருகில் இல்லை.

ராமுத்தாய் அம்மாள் கடலையைச் சலித்து, ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். எங்களைப் பார்க்கவேயில்லை.

"என்ன ராமுத்தாயி, சொல்லித் தொலையேன்" என்றார் மைத்துனர்.

"செத்த இருங்க, அவசரப்படாதீக. சூட்டுல எல்லாம் ஒரே வாசமாத்தான் இருக்கும்." ஆறட்டும் என்று காத்திருந்தார். மறுபடி முகர்ந்தார். ஒன்றை வாயில் போட்டு மென்றார். பிறகு கூடையை என் பக்கம் நகர்த்தினார்.

"தின்னு பாருங்க வாத்தியாரய்யா. கடலயா இருக்கு."

கடலையாகத்தான் இருந்தது. அவ்வளவு சுவையான பொரிகடலையை நான் உண்டதில்லை. மைத்துனர் இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளித் தின்றார். ஒச்சப்பன் அவர் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தார், அந்தக் கிணற்றுத் தண்ணீரையே. அன்று மாலை பேருந்தை நிறுத்திய ஓட்டுநர் ஒரு பிடி மென்று பார்த்துவிட்டு, "ஏத்தா, அந்தச் சோப்புக் கடல இல்லையா? என் வீட்டுக்காரி அதத்தான் கேட்டா" என்றாராம். அவருக்குக் கிடைத்த விடையை இங்கே எழுதுவது பண்பாகாது.

கொட்டகை இன்றும் நடக்கிறது. அடுத்த தை மாதம் பங்குச் சாமியார் வந்தபோது நாங்கள் அனைவரும் அங்கே இருந்தோம். குழி பழையபடி கன்னங்கரேலென்று, பாசி படர்ந்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. மைத்துனர் பெருமையோடு முன்னே நடந்தார்.

"சாமி, அங்கியத் தூக்கிக்கிட்டு வாங்க. போன வருசம் கொப்பரைய மந்திரிச்சீங்க. இந்த வருசம் குழியவும் மந்திரிச்சுருங்க. அதுலதான் நம்ம ஆளுக கோடிப்பேரு வேல செய்யிறாக."

சாமியார் சிரித்துக்கொண்டே, தீர்த்தச் செம்பை வாங்கித் தெளிக்கக் கையை ஓங்கினார்.

"சாமி, சாமி, ஒரு நிமிசம்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ராமுத்தாய் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, செம்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடா இல்ல. தெளிங்க" என்றார்.